கொரியாவிலிருந்து வந்தவள்

மார்ச் 4, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் இன்று காலை முழுக்க ஒரே ஆள்தான். கிட்டப் பார்வை, தூரப் பார்வை இரண்டும் சேர்ந்த கண்ணாடி வாங்கிப் போனவர். போட்டுக்கொண்டு இறங்கினால் படிக்கட்டு எழும்பி முகத்துக்கு வருகிறதாம். மூக்குத் தாங்கியை வளைத்தேன், காதுப் பக்கத்தைச் சூடு காட்டி இறக்கினேன், எதற்கும் மசியவில்லை. கடைசியில், "கோளாறு கண்ணாடியிலயா, படிக்கட்டுலயாம்மா?" என்று என்னையே கேட்டார். "கழுத்துல சார். நல்லாக் குனிஞ்சு பாருங்க" என்றேன். குனிந்து பார்த்தார். படி படியாகவே இருந்தது. கேஷியர் பில் மெஷினுக்குப் பின்னால் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள்.

தம்பி கப்பலை விட்டு இறங்கிவிட்டானாம். சனிக்கிழமை வருகிறான். அப்பாவிடம் சொன்னேன். காதில் மெஷின் இல்லை. "கம்பியா? இப்ப எதுக்குக் கம்பி?" என்றார்.

மார்ச் 8, சனி

வந்துவிட்டான். கறுத்து, இளைத்து, தாடியில் அங்கங்கே வெள்ளை. எஞ்சின் அறைக்குள்ளேயே கிடப்பவனுக்கு வெயில் எங்கிருந்துடா பட்டது என்றால் சிரிக்கிறான்.

அவன் வாங்கி வரும் பரிசுகளில் எனக்கு என்றுமே நம்பிக்கை கிடையாது. ஒரு தடவை டார்ச் லைட். அடுத்த தடவை அதற்கு பேட்டரி. போன தடவை, நாற்பத்தாறு வயது அக்காவுக்கு, ஸ்பேனர் செட். இந்த முறை பெட்டியைத் திறந்தவன் துணிகளை ஒதுக்கிவிட்டு, நடுவில் போர்வையால் சுற்றி வைத்திருந்த நீளமான அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினான். எதையும் இரண்டு கையால் கொடுக்கிற பிள்ளை இல்லை இவன்.

உள்ளே ஒரு பொம்மை.

எப்படி எழுதுவது? ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான உயரம். கொரியாப் பெண்களின் பாரம்பரிய உடை. ஹன்போக் என்று பெயராம். இளமஞ்சளில் இடுப்பைக்கூட எட்டாத குட்டைச் சட்டை. மார்பிலிருந்தே மணிபோல விரிந்து தரையைத் தொடும் பாவாடை, பழுத்த மாதுளை நிறம். சட்டையின் முன்பக்கம் ஒரு நீள நாடா. ஒரு பக்கம் மட்டும் கண்ணி விட்டுக் கட்டி, மீதியைத் தொங்கவிட்டிருக்கிறது. வெள்ளைக் காலுறை, மூக்கு தூக்கிய செருப்பு. நடுவகிடு எடுத்து ஒற்றைப் பின்னல், நுனியில் சிவப்பு ரிப்பன். முகம் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு முன்னால் ஒரு நொடி உண்டே, அதில் நிற்கிறது.

என் அலமாரியில் இருக்கிற பொம்மைகள் எல்லாம் நானே என் சம்பளத்தில் தேடித் தேடி வாங்கியவை. அத்தை வந்தால் அலமாரிக்கு முன்னால் நின்று ஒரு பெருமூச்சு விடுவாள். "காலாகாலத்துல கல்யாணம் பண்ணியிருந்தா இதுல பிள்ளைங்க புத்தகம் இருந்திருக்கும்." இருந்திருக்கும்தான். அதற்கென்ன? நான் பொம்மைகளோடு பேசுவதில்லை, பெயர் வைப்பதில்லை. தூசி தட்டுவேன், தள்ளி நின்று பார்ப்பேன். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு வேலை செய்கிறவள், என் கண்ணுக்கு என்று ஏதாவது வேண்டாமா?

"கடையில பார்த்து வாங்கினேன். பிடிச்சிருக்காக்கா?" என்றான். தலையை ஆட்டினேன். ஆட்டிய தலையை நிறுத்தவும் தெரியவில்லை.

அப்பா பக்கத்தில் வந்து, "இவளுக்குக் கால் இருக்கா?" என்று பாவாடையைத் தூக்கப் போனார். கையைத் தட்டிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

காலை முழுக்க அலமாரி வேலை. புதியவளுக்கு நடுத்தட்டு. ஏற்கெனவே நடுவில் இருந்த ஸ்பெயின்காரி விசிறியோடு ஓரத்துக்குப் போனாள். முகத்தைத் தூக்கி வைத்திருப்பதுபோலத் தோன்றியது, என் பிரமை.

தம்பி பின்னால் நின்று, "பின்னல் போட்டிருந்தா கல்யாணம் ஆகலைன்னு அர்த்தம். ஆயிட்டா கொண்டை, அதுல ஒரு நீளமான ஊசி" என்றான்.

"இதெல்லாம் உனக்கு யாருடா சொன்னது?"

இருமினான். தண்ணீர் குடிக்கப் போனான். கப்பலில் அழுக்குப் பனியனோடு திரிகிறவனுக்குக் கொண்டை இலக்கணம் எல்லாம் தெரிந்திருக்கிறது. உலகம் சுற்றினால் அறிவு வளரும் என்பது உண்மைதான் போல.

மார்ச் 10, திங்கள்

கேஷியருக்கு போட்டோ காட்டினேன். கடைக்கு வந்த மூன்று பேருக்கும் அவளே காட்டிவிட்டாள். சந்தோஷமாக இருக்கிறது. வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 13, வியாழன்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சாயங்காலம் பொம்மையின் நாடா லேசாக நழுவியிருந்தது. சரிசெய்யலாம் என்று தொட்டேன், முழுவதும் அவிழ்ந்துவிட்டது. எப்படிக் கட்டியிருந்தார்கள் என்று மடிப்புத் தடம் பார்க்க, கடையிலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டேன். தையல் தெரிந்தது. மிஷின் தையல் இல்லை, கைத்தையல். ஒரு இடத்தில் தப்பாகப் போட்டு, பிரித்து, திரும்பப் போட்டிருக்கிறார்கள். பழைய ஊசித் துளைகள் வரிசையாக அப்படியே இருக்கின்றன. கடைப் பொம்மைக்கு யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள்?

பாவாடையைத் திருப்பினேன். உள்ளே ஒரு உள்பாவாடை. வெளுத்த பருத்தித் துணி. நீலக் கட்டம், கட்டத்துக்குள் மெல்லிய மஞ்சள் கோடு.

இந்தத் துணியை எனக்குத் தெரியும். தம்பியின் சட்டை. நான் எடுத்துக் கொடுத்தது. காலர் பித்தான் விழுந்து, பொருத்தமான பித்தான் கிடைக்காமல் அலைந்து, நானே தைத்து அனுப்பிய சட்டை.

அவன் சட்டை எப்படிப் பொம்மைக்குள் போனது? கடையில்தான் வாங்கினேன் என்றானே. சட்டையைக் கழற்றி வெட்டிக் கொடுக்கிற அளவுக்கு — யார் அவள்?

நான் என்ன மடச்சியா? இருமினான், தண்ணி குடிக்கப் போனான், அப்பவே தெரிஞ்சிருக்க வேண்டாமா எனக்கு? இது பரிசா, லஞ்சமா? அக்காவுக்கு ஒரு பொம்மையைக் குடுத்தா வாயை மூடிக்கிட்டு இருப்பாள்னு ரெண்டு பேரும் உக்காந்து பேசியிருப்பாங்க.

மார்ச் 14, வெள்ளி

கேட்டுவிட்டேன். சாப்பாட்டு மேஜையில் பொம்மையை நிறுத்தி, பாவாடையைத் தூக்கிக் காட்டி, "இது யாரு சட்டை?" என்றேன்.

தம்பி தட்டைப் பார்த்தான். பொம்மையைப் பார்த்தான். பிறகு எல்லாம் வந்தது. அவன் கப்பல் பழுதுபார்க்கப் போய் நின்ற கொரியத் துறைமுகத்தில் பெயின்ட் இன்ஸ்பெக்டராம் அவள். கப்பலின் அடிப்பாகத்தில் அடித்த பெயின்ட் சரியான தடிமனில் இருக்கிறதா என்று அளந்து சொல்கிற வேலை. சரியில்லை என்று அவள் கிறுக்கினால் முதலிலிருந்து சுரண்ட வேண்டுமாம். இவன் கப்பலைச் சுரண்ட வைத்திருக்கிறாள். அந்தச் சண்டையில் பழக்கம். இரண்டு வருஷம் ஆகிறது. ஓய்வு நேரத்தில் பொம்மைகளுக்கு உடை தைப்பாளாம், சேகரிக்கவும் செய்வாளாம். என் அலமாரியின் போட்டோவைப் பார்த்துவிட்டு, நடுத்தட்டுக்கு என்று இவளை உடுத்தி அனுப்பியிருக்கிறாள்.

"கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்க்கா."

"இருக்கோமா? முடிவே பண்ணியாச்சா? அப்பாவுக்கு யாரு சொல்றது?"

அப்பா சோற்றைப் பிசைந்தபடி, "எனக்குப் போன தடவை லீவுல வந்தப்பவே சொல்லிட்டானே" என்றார்.

தம்பி விழித்தான். "நான் எப்ப சொன்னேன்?"

"பால்கனியில உக்காந்து சொன்னியேடா. 'அப்பா, எனக்கு ஒரு பொண்ணைப் பிடிச்சிருக்கு, கொரியாக்காரி, நீங்க கோவிச்சுக்கக் கூடாது'ன்னு மூணு தடவை."

"அது ஒத்திகைப்பா. உங்களுக்குக் கேக்காதுன்னு நினைச்சுதான் சொல்லிப் பார்த்தேன்."

"அன்னிக்கு பேட்டரி புதுசு" என்றார் அப்பா.

வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். இன்று எழுந்து வந்துவிட்டேன். காது கேளாத அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் கடைசி.

மார்ச் 15, சனி

பொம்மையை அட்டைப்பெட்டிக்குள் வைத்து பீரோவின் மேல் ஏற்றிவிட்டேன். நடுத்தட்டு காலி. ஸ்பெயின்காரியைத் திரும்ப அங்கே வைக்கவும் மனசு வரவில்லை.

மார்ச் 17, திங்கள்

மதியம் சாப்பிடும்போது கேஷியரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் நிதானமாக மென்று முடித்துவிட்டு, "அக்கா, அந்தப் பொண்ணு தச்சது உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு. தச்ச பொண்ணைப் பார்க்காமலே பிடிக்கலைங்கறீங்களே" என்றாள்.

"பிடிக்கலைன்னு நான் சொன்னேனா?"

"அப்ப எதுக்குக் கோவம்?"

டப்பாவை மூடினேன். மதியம் முழுக்க லென்ஸ் தேய்த்துக்கொண்டே அதைத்தான் யோசித்தேன். வேறு மொழி, வேறு நாடு — அதுவா கோபம்? இல்லை. மறைத்தானே, அதுவா? அதுவும் கொஞ்சம். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் இதுதான்: அவன் அங்கேயே போய்விட்டால்? எட்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது அந்த அழுக்கு மூட்டை வந்து இறங்கும். நான் திட்டிக்கொண்டே துவைப்பேன். அதுவும் இல்லாமல் நானும் அப்பாவும் மட்டும், ஒருத்தர் பேச ஒருத்தருக்குக் கேட்காமல்.

இதற்குக் கோபம் என்று பேர் வைத்தது நான்தான். பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்திருக்கும்.

மார்ச் 18, செவ்வாய்

தம்பியிடம், "ஞாயித்துக்கிழமை போன் போட்டுக் குடு. நான் பேசறேன்" என்றேன். முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன். தட்டைக் கழுவி வைத்தான். அவன் தட்டு மட்டும் இல்லை, எல்லார் தட்டையும்.

மார்ச் 23, ஞாயிறு

எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

வீடியோவில் வந்தாள். வட்ட முகம், குட்டை முடி, கன்னத்தில் காய்ந்த பெயின்ட் துளி. பொம்மைக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. எழுந்து நின்று நன்றாகக் குனிந்தாள். திரையில் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. நிமிர்ந்து, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதுபோல் தெளிவாகச் சொன்னாள்:

"அக்கா, வணக்கம். சாப்பிட்டியாடா?"

தம்பி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். இவன் கப்பலில் கூட்டாளிகளோடு பேசுவதைக் கேட்டுக் கேட்டே தமிழ் கற்றிருக்கிறாள். எல்லாருக்கும் டா. அப்பா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "யாருடா அந்தப் பையன்? குரல் பொண்ணு மாதிரி இருக்கு" என்றார்.

ஒரு வாரமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் சிரிப்பாக வெளியே வந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவள் என்ன தப்பு என்று தெரியாமல், "ஏன்டா? ஏன்டா?" என்று கேட்டாள். இன்னும் மோசம்.

தம்பிதான் மொழிபெயர்ப்பு. கொஞ்ச நேரத்தில் அவனைத் தள்ளிவிட்டோம். பீரோ மேலிருந்து பொம்மையை இறக்கி, அவிழ்ந்த நாடாவைக் காட்டினேன். அவள் ஒரு பென்சிலுக்கு ரிப்பன் சுற்றி, மெதுவாகக் கட்டிக் காட்டினாள். மேல், கீழ், உள்ளே, இழு. நான் கட்டியதைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பெயின்ட் இன்ஸ்பெக்டர் அல்லவா, பாஸ் போடவில்லை. நான்காவது தடவைதான் கட்டைவிரலை உயர்த்தினாள்.

பிறகு கேட்டேன். "ஏன் அந்தச் சட்டையை வெட்டினே?"

யோசித்தாள். ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கினாள். "அவன் வாய் மூடி. ரெண்டு வருஷம் மூடி. அக்கா கண்ணு திறந்து. நான் நினைச்சேன், அக்கா பார்க்கும்."

தம்பி பின்னாலிருந்து, "நான் வேணாம்னுதான் சொன்னேன். கேக்கலை. அக்கா கண்டுபிடிச்சா நல்லதுன்னு சொல்லிட்டா" என்றான்.

நேரே கேட்டுவிட்டேன். "நீ இங்க வருவியா, இவனை அங்க கூட்டிட்டுப் போவியா?"

தம்பி மொழிபெயர்க்கத் தயங்கினான். "அப்படியே சொல்லு" என்றேன். சொன்னான். அவள் திரைக்குப் பக்கத்தில் வந்தாள். இங்கேயும் துறைமுகம் இருக்கிறது, இங்கேயும் கப்பலுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், இங்கேயும் தப்பாகத்தான் அடிப்பார்கள் என்றாளாம். அதனால் இங்கே அவளுக்கு வேலை கிடைக்கும். வரலாமா என்று அக்காதான் சொல்ல வேண்டும்.

அதைத் தமிழிலும் அவளே சொன்னாள். "அக்கா சொல்லுடா."

வாடி என்றேன். வேறென்ன சொல்வது?

ஏப்ரல் 6, ஞாயிறு

தம்பி கப்பலுக்குத் திரும்பிவிட்டான். பெட்டியில் அவளுக்கு என் ஸ்பெயின்காரியை வைத்து அனுப்பினேன். இரண்டு கையாலும் கொடு என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 14, சனி

விமான நிலையத்துக்கு மூன்று பேரும் போனோம். அப்பா இஸ்திரி போட்ட சட்டை, காதில் மெஷின், பையில் மாற்று பேட்டரி. தம்பி கல்யாணத்துக்கென்று லீவு வாங்கிக்கொண்டு நான்கு நாள் முன்னாலேயே வந்துவிட்டான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நின்றான்.

வந்தாள். நேரில் என் தோளுக்குத்தான் இருக்கிறாள். பெட்டிகளை அங்கேயே விட்டுவிட்டு முதலில் அப்பாவுக்குக் குனிந்து, "அப்பா" என்றாள்.

அப்பா பூரித்துப் போனார். "பாரு, இறங்கின உடனே தமிழ்ல கூப்பிடறா."

"அவங்க ஊர்லயும் அப்பான்னா அப்பாதான்ப்பா" என்றான் தம்பி.

"அது எப்படி? நான் அந்தப் பக்கமே போனதில்லையே" என்றார் அப்பா.

காரில் வரும் வழியெல்லாம் ஜன்னல் வழியே பாலம், கிரில், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டே வந்தாள். ஊர் பிடிக்கவில்லையோ என்று தம்பியைக் கேட்டேன். "ஊரு பிடிச்சிருக்காம். பெயின்ட்தான் பிடிக்கலையாம்."

ஜூலை 2, புதன்

அவளுக்குத் துறைமுகத்தில் வேலை உறுதி. எனக்கு முதலில் சொன்னாள். தம்பிக்கு நான் சொன்னேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. காலையிலிருந்து மழை. சாட்சி நானும் கேஷியரும் அத்தையும். பேனா எழுதாமல் உதறி உதறி, அதிகாரியின் சட்டையில் ஒரு சொட்டு. அவர் பெரிய மனசோடு மன்னித்தார். அவள் தானே தைத்த ஹன்போக் போட்டிருந்தாள். மழைத் தண்ணீரில் படாமல் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் பின்னாலேயே நடந்தேன். அலுவலகத்தில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு எழுந்து பார்த்தார்கள்.

அத்தை என் காதோரம், "பொம்மை மாதிரியே இருக்காடி" என்றாள்.

"பேசிப் பாருங்க அத்தை."

அத்தை பேசப் போனாள். டா எல்லாம் போய் மாதக்கணக்காகிறது, மரியாதை எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தாயிற்று. ஆனால் என்னை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அத்தை, சாப்பிட்டியாடா?" என்றாள். வேண்டுமென்றேதான். அத்தை சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்றுவிடும் போலிருந்தது.

இவள் இந்த வீட்டில் பிழைத்துக்கொள்வாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

தம்பி கப்பல் ஏறினான். வழியனுப்பிவிட்டு வந்து மூவரும் சாப்பிட்டோம். அவன் நாற்காலியில் அப்பா துண்டைப் போட்டார். அவள் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள். மிளகாய்க் காரம் என்றாள். சாப்பாட்டில் மிளகாயே இல்லை. நான் ஆமாம் என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

சண்டை. சாதாரணச் சண்டை இல்லை, நாறிப்போன சண்டை.

கடையில் சரக்குக் கணக்கு எடுக்கிற நாள் என்று ஞாயிற்றுக்கிழமையும் போய்விட்டு மதியம் வந்தால், சமையலறைச் சுவரைத் தரையிலிருந்து கூரைவரை சுரண்டிப் போட்டிருக்கிறாள். பாத்திரத்தில் தூள், அடுப்பில் தூள், மூடி வைத்த சோற்றின் மேலும் தூள். மகாராணி முகமூடி கட்டிக்கொண்டு, கையில் சுரண்டியோடு ஸ்டூல் மேல் நிற்கிறாள்.

"என்னடி பண்ணி வச்சிருக்கே?"

"சுவர்ல ஈரம். பெயின்ட் பொய்."

"என்னைக் கேட்டியா? இது யாரு வீடு?"

கேட்ட பிறகுதான் வாயிலிருந்து என்ன வந்தது என்று தெரிந்தது. அவள் ஸ்டூலிலிருந்து இறங்கினாள். முகமூடியைக் கீழே இழுத்தாள். "என் வீடு" என்றாள். அதற்கு மேல் தமிழ் போதவில்லை போலிருக்கிறது. மீதியை அவள் மொழியில், நல்ல சத்தமாக. நானும் விடவில்லை. அப்பா காது மெஷினைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு பேப்பரை விரித்தார்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி போன். இரண்டு பேரும் ஒரே போனில் அவனிடம் முறையிட்டோம். "அக்கா, அவ சொல்றது... இரு, நீ கொஞ்சம்... அக்கா..." என்றான். லைன் கட்டாகிவிட்டது. கடலில் சிக்னல் போனதா, இவனே வைத்தானா தெரியாது.

சோற்றைக் கொட்டிவிட்டு முட்டை வேகவைத்தேன். மூன்று பேருக்கும்தான். உம்மென்று உட்கார்ந்து சாப்பிட்டாள். பிறகு எழுந்து போய் ஈரம் அளக்கிற கருவியைக் கொண்டுவந்து சுவரில் வைத்து என் பக்கம் திருப்பிக் காட்டினாள். எனக்கு அந்த எண் புரியவில்லை. ஆனால் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது. எத்தனை வருஷமாக அதன் மேலேயே அடித்துக்கொண்டிருக்கிறோமோ.

ஒரு பழைய துப்பட்டாவை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டேன். மேலே அவள், கீழே நான். வெளிச்சம் போவதற்குள் சுவர் முழுவதும் சுத்தம் செய்து, ஈரத்தை அடைக்கிறதாம், வெள்ளையாக ஏதோ ஒன்றை முதல் பூச்சாக அடித்து முடித்தோம்.

"இன்னொரு தடவை அடிக்கணுமா?" என்று கடைசியில் நான்தான் கேட்டேன்.

"காயணும் அக்கா. நாளைக்கு."

கடைக்கு போன் செய்து நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன்.